கராஜுக்கு ஒரு தளம்

மலைநாட்டு ஹட்டன் பக்கம் சமதரை ஏது? ஆட்டோ நிறுத்த இடம் வேண்டி, மேட்டை வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி நிரவினேன். ஒரே மழையில் அந்தப் பக்கம் நாலு விரல் இறங்கிவிட்டது. மேசன் வேலை செய்த பக்கத்து வீட்டு மாமா, "புது மண்ணு மேலயா கொங்கிரீட் போடப் போற தம்பி?" என்று சிரித்தார்.

சரி என்று மறுபடி தோண்டி, அரையடிக்கு ஒரு தட்டாக மண் போட்டு இடித்து இறுக்கினேன். மேட்டுப் பக்கம் மழைத் தண்ணீர் வடிந்தோட ஒரு கானும் வெட்டினேன்.

நேற்றுத்தான் தளம் போட்டேன். 8க்கு 12 அடி, 4 அங்குல கனம், வாசல் பக்கம் லேசான சாய்வு. ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு மணல், நான்கு சல்லி. 50 கிலோ மூட்டை 6 போனது. தண்ணீரைக் கூட்டினால் கலவையை இழுக்கச் சுகம், ஆனால் பலம் போய்விடும். அதனால் என் முதுகுதான் போனது.

கொங்கிரீட் காயாமல் இறுக, இனி 7 நாள் மேலே ஈரச்சாக்குதான். நாய் மட்டும் ராத்திரியே நடந்து பார்த்துவிட்டது.