மாத்திரை டப்பாவை எங்கே வைப்பது?

மாத்திரை தவறியதற்குக் காரணம் கேட்டால் பெரும்பாலோர் "மறந்துட்டேன் சார்" என்பார்கள். பதிவேட்டிலும் அப்படியே ஏறிவிடும். நாமக்கல் பக்கம், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராக இருந்து நான் பார்த்த அளவில், உண்மையிலேயே மறந்தவர்கள் குறைவு. பக்கத்தில் ஆள் இருந்ததால் போடாமல் விட்டவர்களே அதிகம்.

இங்கே பலருக்கு லாரித் தொழில்தான் பிழைப்பு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை கூட்டு மருந்தில் எஃபாவிரென்ஸ் இருந்தது. படுக்கும் முன் போட வேண்டிய அந்த மாத்திரை பலருக்குத் தலைச்சுற்றலையும் கெட்ட கனவுகளையும் தரும் என்பதால், இரவெல்லாம் வண்டி ஓட்டுகிறவர்கள் ஓட்டம் முடியும்வரை அதைத் தொடவே மாட்டார்கள். குவாஹாத்திக்கு லோடு ஏற்றிப் போய்த் திரும்பிய ஓட்டுநர் ஒருவரின் டப்பாவில் பாதி மாத்திரை அப்படியே இருந்தது. டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை வந்தபின் தூக்கக் கலக்கம் போயிற்று. கூடவே வரும் கிளீனர் போகவில்லை. "என்ன மாத்திரை அண்ணே?" என்ற கேள்விக்கு "சுகருக்கு" என்று சொல்லப் பழகிய பிறகே அந்த ஓட்டுநர் ஒழுங்காகப் போட ஆரம்பித்தார். சர்க்கரை நோய்க்கு இருக்கும் மரியாதை இதற்கும் இருந்தால் என் வேலை பாதி குறைந்துவிடும்.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. கர்ப்ப காலத்தில் ஒரு வேளையும் தவறாமல் போடுகிறவர்கள், பதினெட்டாம் மாதப் பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்றில்லை என்று தெரிந்ததும், தங்களுக்காக அதே அக்கறையைத் தொடர்வதில்லை. கணவரை இழந்து மாமியார் வீட்டில் இருக்கும் ஒருவர், லேபிளைச் சுரண்டிவிட்டு, குலுங்கும் சத்தம் கேட்காதிருக்க டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். நாத்தனார் வந்து தங்கிய நாட்களில் அந்தப் பானைப் பக்கமே போக முடியவில்லை. தொற்று விவரத்தை ஒருவரின் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது. சட்டம் அடுக்களை வரை வருவதில்லை.

பலன் தந்தவை என்று பார்த்தால், முதலில் சொல்ல வேண்டியது, நிலையாக இருப்பவர்களுக்குச் சில மாத மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது. 2020 ஊரடங்கின்போது இதன் அருமை நன்றாகத் தெரிந்தது. மாதந்தோறும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, தெரிந்தவர் கண்ணில் படாமல் வரிசையில் நிற்கும் பாடு அதனால் குறைந்தது. அடுத்தது வைரஸ் அளவுப் பரிசோதனை. கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸ் குறைந்து, அந்த நிலை நீடித்தால் உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது என்பதை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கும்போது, ஆயிரம் அறிவுரைக்கு அசையாதவரும் நிமிர்ந்து உட்காருகிறார். எல்லாவற்றையும்விட, வீட்டில் விவரம் தெரிந்த ஒரே ஓர் ஆள், தங்கையோ மகளோ, இருந்துவிட்டால் சிகிச்சை அறுபடுவது அரிது.

ஆகவே புதிதாக வருகிறவரிடம் எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்பதற்கு முன்னால், டப்பாவை எங்கே வைப்பீர்கள், யார் கண்ணில் படும் என்று கேட்கிறேன். அவர் பதில் சொல்லத் தடுமாறினால், மருந்து வாங்கும் சீட்டை நீட்டுவதற்கு முன் அதைப் பேசி முடிக்கிறோம்.