ஒட்டு மீசையும் ஒரு போர்க்கப்பலும்

போன மாதம் எங்கள் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி. என் மகன் பாரதியார். கறுப்புக் கோட்டு வீட்டிலேயே இருந்தது, முண்டாசு என் வேட்டி. மீசை மட்டும் டிராமா சாமான் வாடகைக்கு விடும் கடையில் எடுத்தது, முன்பணம் 100 ரூபாய். "மேடை ஏறுற வரைக்கும் பையனுக்கு எதுவும் சாப்பிடக் கொடுக்காதீங்க சார்" என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். நான்தான் மறந்துவிட்டேன். பசிக்கிறது என்றான், ஒரு சமோசா வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது கடியில் மீசையின் இடது பாதி சமோசாவோடு வந்துவிட்டது. மீதியையாவது காப்பாற்றலாம் என்று மேடை ஏற்றினால், அது வசனத்தின் நடுவில் மைக்கில் போய் ஒட்டிக்கொண்டது. ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அழுகை. "டேய், உனக்காவது அபார்ட்மென்ட் மேடை. ஒருத்தருக்குப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் மேல வச்சு மீசை கழண்டுது" என்று ஆரம்பித்தேன். அழுகை நின்றது.

1910 பிப்ரவரி 7. இங்கிலாந்தின் தென்கரையில் வேமவுத் அருகே பிரிட்டிஷ் கடற்படையின் 'ட்ரெட்நாட்' நின்றுகொண்டிருக்கிறது. 12 அங்குல பீரங்கிகள் மட்டும் 10. அது வந்த பிறகு மற்ற நாட்டுப் போர்க்கப்பல்கள் எல்லாம் பழைய இரும்பு ஆகிவிட்டன என்று பேச்சு. அந்தக் கப்பலுக்கு ஒரு தந்தி வருகிறது: அபிசீனிய (இன்றைய எத்தியோப்பியா) இளவரசர் தம் பரிவாரத்தோடு மாலை ரயிலில் வருகிறார், கப்பலைப் பார்க்க விரும்புகிறார், ஏற்பாடு செய்யவும். கீழே வெளியுறவுத் துறையின் பெரிய அதிகாரி பெயர். அனுப்பியது லண்டனில் இருந்த ஒரு நண்பர். இளவரசர் கோஷ்டி அதற்குள் ரயில் ஏறியாகிவிட்டது.

கோஷ்டியில் ஆறு பேர். தலைவர் ஹோரஸ் டி வீர் கோல் என்ற பணக்காரக் குறும்புக்காரர். ஐந்து வருடம் முன்பு, கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்தபோதே, சான்சிபார் சுல்தானின் மாமா என்று சொல்லிக்கொண்டு அந்த ஊர் மேயரிடம் மரியாதை வாங்கிய ஆள். இந்த முறை வெளியுறவுத் துறை அதிகாரியாக வந்தார். கோட்டும் தொப்பியும் போதும், வேஷச் செலவே இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஏட்ரியன் ஸ்டீஃபன். அங்கி, தலைப்பாகை, நகை, தாடி மீசையோடு இளவரசர்களாக வந்த நால்வரில் ஒருவர் ஓவியர் டங்கன் கிராண்ட். இன்னொருவர் பெண். ஏட்ரியனின் அக்கா வர்ஜீனியா, 28 வயது. பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃப் என்று நாவலுக்காக உலகம் அறிந்தவர் அன்று தாடி ஒட்டிக்கொண்டு நின்றார்.

நால்வரும் முகத்தில் கறுப்பு மை பூசியிருந்தார்கள். அந்தப் பகுதி இன்றைக்குச் சிரிப்பாக இல்லை. மகனிடம் சொல்லும்போது நானே கொஞ்சம் தயங்கினேன். ஆனால் அபிசீனியா எது, சான்சிபார் எது என்று தெரியாமல் கோட்டை விட்டது கடற்படைதான். அபிசீனியக் கொடி கிடைக்கவில்லை, சான்சிபார் கொடியை ஏற்றினார்கள். தேசிய கீதத்துக்கு இசைக்குறிப்பு இல்லை, சான்சிபார் கீதத்தையே வாசித்தார்கள். எத்தியோப்பியா மலைநாடு, சான்சிபார் எங்கோ கடலில் கிடக்கும் தீவு. சென்னைக்கு வந்த விருந்தாளியை நேபாளப் பாட்டுப் போட்டு வரவேற்பது மாதிரி. இளவரசர்களும் முகம் கோணாமல் கேட்டுக்கொண்டார்கள். பாவம், அவர்களுக்கும் எந்தப் பாட்டும் தெரியாது.

"அவங்க என்ன பாஷை பேசினாங்க?" என்றான் மகன்.

நல்ல கேள்வி. ரயிலில் வரும்போது சுவாஹிலி என்ற ஆப்பிரிக்க மொழியின் இலக்கணப் புத்தகம் ஒன்றைப் புரட்டியிருந்தார்கள். தலையில் ஏறியது ஓரிரண்டு வார்த்தை. கப்பலில் அணிவகுப்பைக் காட்டி, இதை விளக்கிச் சொல்லுங்கள் என்று அட்மிரல் சொன்னதும் ஏட்ரியனுக்கு வேர்த்துவிட்டது. பள்ளியில் மனப்பாடம் செய்த வர்ஜிலின் லத்தீன் வரிகளை அசை பிரித்து, உச்சரிப்பை நசுக்கி எடுத்துவிட்டார். அது தீர்ந்ததும் ஹோமரின் கிரேக்கம். பீரங்கியைக் காட்டும் இடத்தில் காவியம். இளவரசர்கள் தலையாட்டினார்கள். பார்த்ததற்கெல்லாம் "பங்கா பங்கா" என்று வியந்தார்கள் என்று பிறகு பத்திரிகைகள் எழுதின.

எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது வேறு. கப்பலின் அதிகாரிகளில் ஒருவரான வில்லியம் ஃபிஷர், ஏட்ரியனுக்கும் வர்ஜீனியாவுக்கும் உறவுக்காரர். பெரியம்மா மகன், அண்ணன் முறை! ஏட்ரியனோ ஆறு அடிக்கு மேல் கொடிக்கம்பம் மாதிரி உயரம், வேஷம் என்று பார்த்தால் ஒரு தாடியும் தொப்பியும்தான். பக்கத்தில் நின்று பேசியும் அண்ணனுக்குத் தெரியவில்லை. நம் ஊர்க் கல்யாண வீட்டில் இது நடக்குமா? பந்திக்குள் நுழைவதற்குள் "நீ சின்னவன்தானே?" என்று ஒரு அத்தை பிடித்திருப்பார்.

அப்புறம்தான் மீசை. மேல்தளத்தில் காற்று, கூடவே தூறல். டங்கன் கிராண்டின் மீசை ஓரத்தில் எழும்புவதை ஏட்ரியன் பார்த்துவிட்டார். "இவர்கள் வெயில் நாட்டுக்காரர்கள், இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது" என்று கேப்டனிடம் சொல்லி எல்லாரையும் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய், யாரும் பார்க்காத நேரத்தில் மீசையை அழுத்திவிட்டார்.

கீழே போனால் விருந்து தயார். அங்கேதான் அடுத்த கண்டம். வேஷம் போட்டுவிட்ட வில்லி கிளார்க்சன் லண்டனில் பெரிய நாடக ஒப்பனைக்காரர். சாப்பிட்டால் உதட்டுச் சாயம் போய்விடும் என்று எச்சரித்தே அனுப்பியிருந்தார். இவர்களின் உணவைத் தனி முறைப்படி தயாரிக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி, காலையிலிருந்து பட்டினி கிடந்த இளவரசர்கள் தட்டைத் தொடாமல் திரும்பினார்கள்.

"சமோசா இருந்திருந்தா?" என்றான். பதில் சொல்லவில்லை.

சில நாளில் விஷயம் பத்திரிகைக்குப் போனது, போட்டோவோடு. அதிகாரிகள் கரையில் இறங்கினால் பையன்கள் "பங்கா பங்கா" என்று கத்தினார்கள். ரோஷம் வந்த கடற்படைக்காரர்கள் சிலர் ஒருநாள் காலை டங்கன் கிராண்டை வீட்டு வாசலிலிருந்தே காரில் தூக்கிப்போட்டு, ஊர் ஓரத்துப் புல்வெளிக்குக் கொண்டுபோனார்கள், பிரம்படி கொடுக்க. அவர் காலில் வீட்டுச் செருப்பு. எதிர்க்கவும் இல்லை, ஓடவும் இல்லை. அடிக்க வந்தவர்களுக்கே சங்கடமாகிவிட்டது. பேருக்கு இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தச் செருப்போடு சுரங்க ரயில் ஏறி வீட்டுக்கு வந்தார் மனிதர்.

மறுநாள் மீசையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மைக்கிலிருந்து எடுத்த பாதி, சமோசாவிலிருந்து எடுத்த பாதி, இரண்டையும் கழுவிக் காயவைத்துக் காகிதத்தில் மடித்திருந்தேன். கடைக்காரர் பிரித்தார், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"வெங்காய சமோசாவா சார்?"

முன்பணத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.