ஜாயின் தெரிந்தாலும் முதலில் லூப்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்களில் ஓசூர், தருமபுரி, சேலம் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய. ஜாவாஸ்கிரிப்டில் அவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, அரேயில் (வரிசைப் பட்டியலில்) இருக்கும் ஊர்ப் பெயர்களை லூப் ஓட்டி, அதாவது ஒவ்வொன்றாக எடுத்து, இடையில் கமா போட்டு ஒரே ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) கோப்பது. "ஜாயின் போட்டா ஒரே வரிதானே அண்ணா?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. அரேயை அப்படியே கோத்துத் தரும் ரெடிமேட் கட்டளைதான் ஜாயின்; ஒரே வரிதான். இருந்தாலும் முதலில் லூப்.

ஜாயின் மறைத்துவிடுகிற சங்கதிகள் லூப்பில்தான் கண்ணில் படும். சேர்த்து வைக்கும் வேரியபிளை வெற்று ஸ்ட்ரிங்காகத் தொடங்காவிட்டால் ஓசூருக்கு முன்னால் 'அன்டிஃபைன்டு' (மதிப்பு இல்லை) வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசி ஊருக்குப் பின்னாலும் ஒரு கமா தொங்கும். அதை அப்புறம் வெட்டி எடுப்பவர்கள் உண்டு. முதல் ஊரைத் தவிர மற்றவற்றுக்கு முன்னால் கமா போடுபவர்களும் உண்டு. என் ஓட்டு இரண்டாமவர்களுக்கு.

அதிகம் அடிபடுவது இன்னர்ஹெச்டிஎம்எல் (பக்கத்தின் ஒரு பகுதிக்குள் இருக்கும் ஹெச்டிஎம்எல்) விஷயத்தில். லூப்புக்குள்ளேயே அதில் பிளஸ் ஈக்வல் (இருப்பதோடு இதையும் சேர்) போட்டால், ஒவ்வொரு சுற்றிலும் பிரவுசர் உள்ளே இருப்பதையெல்லாம் ஸ்ட்ரிங்காக்கி, புதியதை ஒட்டி, முழுவதையும் மறுபடி பார்ஸ் செய்கிறது, அதாவது படித்துப் புதிதாகக் கட்டுகிறது. பழைய பட்டன்கள் போய், அதே முகத்தோடு புது பட்டன்கள் வந்துவிடும். பழையதில் மாட்டியிருந்த கிளிக் லிசனர் (கிளிக் செய்தால் ஓடும் ஃபங்ஷன்) புதியதில் இருக்காது. "பட்டன் செத்துப்போச்சு அண்ணா" என்று வந்தால் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். சாதாரண வேரியபிளில் சேர்த்துக்கொண்டே போய், லூப் முடிந்ததும் ஒரே தடவை போட்டால் போதும். (பயனர் டைப் செய்த எழுத்தாக இருந்தால் அதுவும் கூடாது, ஹெச்டிஎம்எல்லாகப் பார்க்காமல் வெறும் எழுத்தாகவே போடும் டெக்ஸ்ட்கன்டென்ட்தான்.) வேரியபிளில் பிளஸ் ஈக்வல் போட்டால் வேகம் குறையும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் குரோமின் வி8 எஞ்சின் ஒவ்வொரு தடவையும் முழு ஸ்ட்ரிங்கைப் பிரதி எடுப்பதில்லை. துண்டுகளை இணைத்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதுதான் ஒன்றாக்குகிறது.

ஒருமுறை சேலத்துப் பையன் ஒருவன், தன் ஊர்ப் பெயரைத் தமிழில் கொடுத்து, எழுத்துக்கு எழுத்து நடுவில் சின்னக் கோடு (-) போட்டுப் பார்த்தான். ஏகாரக் குறி தனியே, புள்ளி தனியே என்று ஐந்து துண்டுகள். நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளுக்கான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என ஐந்து. ஃபார்-ஆஃப் லூப்பும் அப்படித்தான் பிரிக்கும். நாம் பார்க்கும் எழுத்தாகப் பிரிக்க ஜாவாஸ்கிரிப்டில் இருக்கும் இன்டில் செக்மென்டர் கொண்டு பிரித்தால்தான் சே-ல-ம் வரும். குரோமில் அது 2020இலேயே வந்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸில் 2024இல்தான். இப்போதெல்லாம் அந்த முதல் வேலைக்கான அரேயில் 'சேலம்' தமிழிலேயே இருக்கிறது.