கறுப்பு நாயும் ஈர மணலும்

எண்ணெய் வண்ணத்தில் நான் அதிகம் வரைவது கடற்கரைகளையும் வீட்டில் வளரும் நாய், பூனைகளையும்தான். இவை வேறு வேறு வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். சமீபத்தில் முடித்த ஒரு படத்தில் இரண்டும் ஒரே கேன்வாஸில் வந்தன. இறந்துபோன தன் கறுப்பு லேப்ரடாரை, அவன் ஓடி விளையாடிய கடற்கரையோடு சேர்த்து வரைந்து தரும்படி ஒரு அம்மா கேட்டார். அந்தப் படம் உருவான விதத்தை, முக்கியமாக அதில் எனக்குத் தெளிவான ஒரு விஷயத்தை, இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை புகைப்படம் தேர்ந்தெடுப்பது. அவர் அனுப்பியவற்றில் பாதி ஃபிளாஷ் போட்டு எடுத்தவை. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. ஃபிளாஷ் பட்டால் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும். அதை வைத்து வரைய முடியாது. போனை மூக்குக்கு அருகே கொண்டுபோய் எடுத்த படங்களும் உதவாது. மூக்கு பெருத்து, காது சிறுத்து, வேறு ஏதோ நாய் போல ஆகிவிடும். கடைசியில், யாரோ குந்தி உட்கார்ந்து, நாயின் கண் மட்டத்திலிருந்து, சாய்ந்த வெயிலில் எடுத்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். காதுக்கும் மார்புச் சுழிக்கும் வேறு படங்களைப் பார்த்துக்கொண்டேன். இப்படிச் சேர்க்கும்போது எல்லாவற்றிலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். அது தப்பினால் காது தனியாக ஒட்டவைத்தது போல நிற்கும்.

கடற்கரையை மட்டும் நேரில் போய்த்தான் வரைவேன். சிறிய பலகைகளில், வெயில் மாறுவதற்குள் முடிகிற அவசரப் படங்கள். அலையின் வடிவத்தை போன் பிடித்துத் தந்துவிடும், நிறத்தைத் தராது. காற்றடித்தால் மணல் வண்ணத்தில் ஒட்டும்; அதைத் துடைக்காமல் அப்படியே விட்டுவிடுவேன். பிரெஞ்சு ஓவியர் மோனே 1870இல் பிரான்சின் துரூவில் என்ற ஊர்க் கடற்கரையில் வரைந்த ஒரு படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதன் வண்ணத்துக்குள் இன்னும் மணல் துகள்கள் உண்டு. பிதுக்கி எடுக்கும் உலோக டியூப் 1841இல் வந்திராவிட்டால், எண்ணெய் வண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு எளிதாக யாரும் கடலோரம் போயிருக்க முடியாது.

கேன்வாஸில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசிக் காய்ந்த பிறகு, அதன் மேல் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை மெல்லியதாகக் கரைத்து முழுக்கத் தேய்த்துவிடுவேன். நீலங்களுக்கு நடுவே அந்தச் செம்மை அங்கங்கே எட்டிப்பார்க்கும்போது வெயிலின் சூடு படத்தில் தானாக வந்துவிடும். அடிப்பூச்சுகளில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். எண்ணெய் அதிகமுள்ள பூச்சு மெதுவாகக் காயும். அது கீழே இருந்து, மேல்பூச்சு முந்திக் காய்ந்து இறுகிவிட்டால், நாளாக ஆக வெடிப்பு விடும்.

அப்புறம் தொடுவானம். இந்தப் படத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த ஒரு கோடுதான். தொடுவானம் எப்போதும் பார்ப்பவரின் கண் மட்டத்தில்தான் விழும். புகைப்படம் நாயின் கண் உயரத்தில் எடுத்தது. அப்படியானால் கடலின் கோடு நேராக அவன் கண்ணுக்குப் பின்னால் ஓட வேண்டும். தலைக்குள் கம்பி செருகியது போல இருக்கும். மேலே ஏற்றினால் நாயை உயரத்திலிருந்து பார்ப்பதாக ஆகி, அவன் மணலில் நிற்காமல் மிதப்பான். அதனால் கோட்டை இடம் மாற்றவில்லை. தலைக்கு இரு பக்கமும் கடலும் வானமும் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த பிரஷால் நீவி, கோட்டையே கரைத்துவிட்டேன். ஓரங்களுக்குப் போகும்போதுதான் அது மெல்லத் தெரியத் தொடங்கும். கடலோரத்து மூட்டத்தில் உண்மையிலும் அப்படித்தான் இருக்கும்.

அலையில் வெளிச்சம் ஊடுருவுவது உச்சியின் மெல்லிய பகுதியில் மட்டும்தான். அங்கே விரிடியன் பச்சையும் கொஞ்சம் மஞ்சளும். அடிப்பக்கம் கனத்த நீலம். நுரைக்கு வெறும் வெள்ளை போட்டால் சுண்ணாம்பு அடித்தது போலிருக்கும். நிழல் பக்கத்து நுரை நீலம் கலந்த சாம்பல்தான். சுத்த வெள்ளையை வெயில் நேராகப் படும் இரண்டு மூன்று இடங்களுக்கென்று கடைசிவரை பத்திரமாக வைத்திருப்பேன்.

ஈர மணலுக்கு வருவோம். தண்ணீர் துகள்களுக்கு இடையில் புகுந்துகொள்வதால் காய்ந்த மணலைவிட ஈர மணல் கறுத்துத் தெரிகிறது. ஆனால் மேலே நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் வானத்தை அப்படியே காட்டுகிறது. ஆகவே அதன் நிறம் பாதி மணலுடையது, பாதி வானத்துடையது. கரும்பழுப்பைப் பூசிவிட்டு, அது காயும் முன் வான நிறத்தை மேலிருந்து கீழாக இழுத்து, பிறகு குறுக்காக ஒரே ஒரு முறை மெதுவாகத் தடவுவேன். மணல் சட்டென்று பளபளக்கும்.

கடலின் வண்ணம், தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயக் காத்திருந்து நாயைத் தொடங்கியபோதுதான் தெளிந்தது: கறுப்பு ரோமமும் ஈர மணலும் ஒரே கணக்கு. லேப்ரடாரின் ரோமம் குட்டையானது, எண்ணெய்ப் பசை கொண்டது, மின்னுவது. வானத்தைப் பார்க்கும் முதுகும் நெற்றியும் நீலச் சாம்பல். மணலைப் பார்க்கும் வயிறும் தாடையும் இளஞ்சூடான பழுப்பு. உண்மையான இருட்டு காதின் அடியிலும் கால்களின் இடுக்கிலும்தான். டியூபில் வரும் ஐவரி கறுப்பை நான் தொடவே இல்லை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் சேர்ந்தால் ஆழமான கறுப்பு கிடைக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிரும், பழுப்பைக் கூட்டினால் சூடேறும். மணலுக்குக் கலந்த அதே வான நிறத்தைப் பேலட்டிலிருந்து எடுத்து முதுகில் வைத்தேன். நாய் அந்தக் கடற்கரையின் வெளிச்சத்துக்குள் வந்துவிட்டான். பின்னணியை யாரோ, பிராணியை யாரோ வரைந்தது போல் இருக்கும் படங்களில் குறைவது பெரும்பாலும் இந்த ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

ரோமத்தை ஒவ்வொன்றாக இழுக்கக் கூடாது. முதலில் பெரிய ஒளி, நிழல் திட்டுகள். பிறகு ரோமம் வளரும் திசையில் தட்டைப் பிரஷ். வெளிவிளிம்பிலும் காது ஓரத்திலும் மட்டும் மெல்லிய பிரஷால் சில இழைகள். மற்றதைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

வேலை தொடங்கும்போதே அந்த அம்மா, “கண்ணு மட்டும் அவன் கண்ணா இருக்கணும்ங்க” என்று சொல்லியிருந்தார். கண்ணில் ஒளிப்புள்ளி மேலே ஒரு பக்கம் விழுந்தால், கருவிழியின் எதிர்ப்பக்கம் கீழே உள்ளிருந்து ஒளிர்வது போலப் பழுப்பு வெளுக்கும். மேல் இமையின் நிழல் கருவிழியின் உச்சியில் விழ வேண்டும். ஒளிப்புள்ளியிலும் சுத்த வெள்ளை கிடையாது, துளி நீலம் சேர்த்தது. திறந்த வெளியில் கண்ணில் தெரிவது வானம்தானே. (பூனை என்றால் கண்மணி செங்குத்துக் கீற்று, வெளிச்சத்துக்கு ஏற்ப அதன் அகலத்தையும் பார்க்க வேண்டும்.)

வயதான நாய்களின் கண்ணில் லேசான நீல மூட்டம் வரும், முகவாய் நரைக்கும். இவனுக்கு இரண்டும் இருந்தன. இளமையாக வரையட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நரையோடயே இருக்கட்டும், அந்த முகத்தத்தான் தினமும் கொஞ்சினேன்” என்றார். நரை முடிகள்தான் கடைசியாக வைத்தவை, ஈர வண்ணத்துக்குள் ஒவ்வொன்றாக.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்காதீர்கள். அந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது, அப்போது சூடு பிறக்கும். குவியலுக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீருக்குள் போடுங்கள்.

காய்ந்தபோது முதுகின் கறுப்பில் சில இடங்கள் மங்கின. கறுப்பில் இது அடிக்கடி நடக்கும். கீழ்ப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் வருவது. துளி எண்ணெயைத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து எடுத்ததும் ஆழம் திரும்பியது. இறுதி வார்னிஷுக்கு 6 மாதமாவது ஆக வேண்டும். அதுவரை அவரைக் காக்க வைக்க மனம் வரவில்லை, படத்தைக் கொடுத்துவிட்டேன். நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சமுள்ள சுவரில் மாட்டச் சொன்னேன்; இருட்டில் வைத்தால் எண்ணெய் மஞ்சளடிக்கும். தூசி படிந்தால் மென்மையான உலர்ந்த பிரஷால் மட்டும் தட்டிவிட்டு, வார்னிஷுக்குத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.