ஒப்பாரி கோச்சியும் ஒரு அலுமாரியும்

பொங்கல் லீவுல மலையகத்துல எங்க தேயிலைத் தோட்டத்து டிவிஷன் புள்ள காம்பராவுல, அதான் அம்மாமார் வேலைக்குப் போறப்ப புள்ளைங்களை விட்டுட்டுப் போற இடத்துல, ஒரு படம் போட்டோம். நார்னியா முதல் படம், சிங்கமும் சூனியக்காரியும் அலுமாரியும் வர்ற கதை. 2005ல வந்த படத்தைப் போய் இப்ப எழுதுறாளேன்னு நினைக்காதீங்க. அன்னைக்கு கம்பளியப் போர்த்திக்கிட்டு தரையில உட்கார்ந்து பார்த்த அறுபது எழுபது பேருல ஒருத்தர் கூட அதுக்கு முன்னாடி அதைப் பார்த்ததில்ல, அவங்களுக்கு அன்னைக்கு ராத்திரிதான் ரிலீஸ். கிரெட்டா கெர்விக் அதே வரிசையில இன்னொரு புத்தகத்தை படமா எடுக்குறாங்கன்னு நியூஸ்ல பார்த்ததுல இருந்தே எனக்கு இந்த ஆசை, புதுசு வர்றதுக்கு முன்னாடி நம்ம புள்ளைங்க பழசைப் பார்த்துரணும்னு.

கொழும்புல என்கூட வேலை செய்யுற ஒரு அக்காகிட்ட இதைச் சொன்னப்ப, "உனக்கென்ன பைத்தியமா, இங்கிலீஸ் படம், வெள்ளக்காரப் புள்ளைங்க கதை, தோட்டத்துப் புள்ளைங்களுக்கு என்ன விளங்கப் போகுது, பேசாம ஒரு தமிழ்ப் படத்தைப் போடு"ன்னாங்க. நல்ல மனசோட சொன்னதுதான். ஆனா எனக்கு மனசுக்குள்ள சுருக்குன்னு இருந்துச்சு. அதுக்குப் பதிலாத்தான் இதை எழுதுறேன், அக்கா கண்டிப்பா வாசிப்பாங்க.

ப்ரொஜெக்டர் டவுன்ல கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு அண்ணன்கிட்ட இரவல் வாங்கினது, திரைக்கு எங்க அம்மாவோட வெள்ளை பெட்ஷீட். பாஷைப் பிரச்சினைக்கு நானே ஒரு வழி பண்ணினேன், பக்கத்துலயே நின்னுக்கிட்டு ஒவ்வொரு சீனுக்கும் கதையச் சொல்லிக்கிட்டே போறது, முக்கியமான இடத்துல நிப்பாட்டி விளக்குறது. முதல் இருபது நிமிஷத்துல எனக்குப் பெருசா வேலையே இல்லாமப் போச்சு.

புத்தகம் வாசிச்சவங்களுக்குத் தெரியும், சி.எஸ். லூயிஸ் 1950ல எழுதினதுல சண்டை நேரத்துல குண்டுக்குப் பயந்து நாலு புள்ளைங்களை லண்டன்ல இருந்து வெளிய அனுப்பினாங்கங்கிறது ஆரம்பத்துல ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரியை டைரக்டர் ஆண்ட்ரூ அடம்சன் முழுசா எடுத்துக் காட்டுறாரு. ராத்திரி பிளேன் வருது, குண்டு விழுது, வீட்டுல உள்ளவங்க குழிக்குள்ள ஓடுறாங்க, அடுத்தது ஸ்டேஷன். ஒரே சனம். அந்த அம்மா ஒவ்வொரு புள்ளை கோட்டுலயும் ஒரு சின்ன அட்டைய மாட்டி விடுது. சின்னது மூஞ்சிய நிமிர்த்தி அம்மாவையே பார்க்குது. ரெண்டாவது பொடியன் கோவத்துல விறைச்சுப் போய் நிக்கிறான், அம்மா கட்டிப் பிடிச்சாலும் திருப்பிப் பிடிக்க மாட்டேங்குறான். பிறகு கோச்சி கிளம்புது, ஜன்னல் எல்லாத்துலயும் கை.

காம்பராவுக்குள்ள சத்தமே இல்ல. கைப்பிள்ளைங்க கூட அந்த நேரத்துல அழலையோன்னு எனக்கு இப்பத் தோணுது. பின்னாடி சுவர்ல சாஞ்சு உட்கார்ந்திருந்த எங்க அப்பாயி மட்டும் மெதுவா, "ஒப்பாரி கோச்சி"ன்னுச்சு. அதைக் கேட்ட பக்கத்துக் காம்பரா பெரியம்மா முந்தானைய வாயில வச்சிக்கிட்டாங்க.

மலையகத்துக்கு வெளிய இருந்து வாசிக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிர்றேன். 1964ல அப்ப இலங்கைப் பிரதமரா இருந்த சிறிமா அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. இந்திய வம்சாவளித் தமிழரான எங்க ஆளுங்க 975,000 பேர்ல 525,000 பேரு இந்தியாவுக்குப் போகணும், 300,000 பேரு இங்க இருக்கலாம், மிச்சம் 150,000 பேரைப் பத்தி பிறகு பேசிக்கலாம்னு. எங்க ஆளுங்ககிட்ட யாரும் கேட்கல. ஒரே குடும்பத்துல அண்ணனுக்கு அந்த நாடு, தம்பிக்கு இந்த நாடுன்னு ஆச்சு. ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா ஸ்டேஷன்ல இருந்து ஏறி தலைமன்னாருக்குப் போய் அங்கருந்து கப்பல்ல ராமேஸ்வரம். ஏறுறவங்களும் அழுது ஏத்தி விட வந்தவங்களும் அழுது, கோச்சி போன பாதை முழுக்க ஒப்பாரியாவே இருந்ததால அந்தக் கோச்சிக்கே அந்தப் பேரு நின்னு போச்சு. எங்க அப்பாயியோட அக்கா 1973ல புருஷன் புள்ளையோட அப்படிப் போனவங்க. அப்ப அப்பாயிக்கு பதினெட்டு வயசு.

படத்துல வர்ற மாதிரி குண்டுக்குப் பயந்து ஆளுங்களை வெளிய அனுப்புற வேலை இங்கிலாந்துல 1939 செப்டம்பர்ல தொடங்குச்சு, அதுல முதல் சில நாளுக்குள்ளயே 15 லட்சம் பேர் கிட்ட ஊரை விட்டு ஏத்தி அனுப்பினாங்க, பெரும்பாலும் புள்ளைங்கதான். லூயிஸோட வீட்டுக்கே அப்படிச் சில பொம்பளப் புள்ளைங்க வந்து தங்கியிருந்துச்சுங்க, கதைக்கு விதை அங்க இருந்துதான். இதையெல்லாம் நான் பேப்பர்ல எழுதி வச்சிருந்தேன், சீன் வந்ததும் நிப்பாட்டி விளக்கணும்னு. சொல்லல. நான் வாயைத் திறந்து எதைச் சொல்லியிருந்தாலும் அது அந்த நேரத்துல இடைஞ்சலாத்தான் இருந்திருக்கும்.

முன்வரிசையில ஒன்பது வயசுல ஒரு புள்ள, அது அம்மா குவைத்துல வீட்டு வேலைக்குப் போய் மூணு வருஷமாகுது. அது ஒன்னே ஒன்னுதான் கேட்டுச்சு, "மிஸ், இங்க அம்மா நிக்குது, புள்ளைங்கதானே போகுதுங்க?" ஆமான்னேன். "அப்படின்னா மாத்தி"ன்னு சொல்லிட்டு திரும்பிக்கிச்சு.

அதுக்குப் பிறகு அலுமாரி வந்துச்சு. நாலு பேருல சின்னவ லூசி உள்ள போறா, கோட்டுக்கு நடுவுல கைய நீட்டுறா, கோட்டு கிளையா மாறுது, கால்ல பனி மிதிபடுது. அந்த நடிப்புல ஒரு விசயம் இருக்கு, அந்தப் புள்ள ஜார்ஜி ஹென்லிக்கு முன்கூட்டியே செட்டைக் காட்டாம கண்ணைக் கட்டித் தூக்கிட்டு வந்து பனிக்காட்டுக்குள்ள விட்டாங்களாம், நாம பார்க்கிறது அதோட நிஜ ஆச்சரியம். நான் அன்னைக்கு திரைய விட்டுட்டு எங்க புள்ளைங்க மூஞ்சியத்தான் பார்த்தேன். ப்ரொஜெக்டர் வெளிச்சம் பட்டு ஒவ்வொன்னும் லூசி மாதிரியே வாயைப் பொளந்துக்கிட்டு, ஒரு பொடியன் தன்னையறியாமலே கைய முன்னாடி நீட்டிக்கிட்டு.

ஆட்டுக்கால் வச்ச மனுசன் வந்ததும் ஒரே சிரிப்பு, அந்தச் சிரிப்பு அடங்கவே நேரம் எடுத்துச்சு.

பனியப் பத்தித்தான் சொல்லணும். நூறு வருஷமா குளிர்காலம், கிறிஸ்மஸே வராத நாடுன்னு நான் சொன்னதும் வேற ஊர்ப் புள்ளைங்களா இருந்தா ஐ பனின்னு ஆசைப்பட்டிருக்கும். எங்க புள்ளைங்க அப்படி இல்ல. நுவரெலியா பக்கம் ஜனவரி பெப்ரவரியில விடிய எந்திரிச்சா புல்லு வெள்ளையா கிடக்கும், வெயில் பட்டதும் கொழுந்து எல்லாம் பழுப்பாகி பொசுங்கினது மாதிரி ஆயிரும். பனி கருக்கிருச்சும்பாங்க. அந்த மலையில திரும்பக் கொழுந்து துளிர்க்கிற வரைக்கும் கிலோ குறையும், கிலோ குறைஞ்சா அரைப்பேருதான், அதாவது அரை நாள் சம்பளம். படம் போட்டதுக்கு முந்தின வாரமும் எங்க மேல்மலையில கருக்கிருந்துச்சு. அதனால பதினொரு வயசுப் பொடியன் ஒருத்தன் எந்திரிச்சு ரொம்பக் கவலையோட, "நூறு வருஷம் பனின்னா அந்த ஆளுங்க எப்படி மிஸ் சாப்பிட்டாங்க?"ன்னு கேட்டான். புத்தகத்தை நான் நாலஞ்சு தடவை வாசிச்சிருக்கேன், எனக்கு ஒருநாளும் அந்தக் கேள்வி வந்ததில்ல. கொழுந்து எடுக்கிற அம்மாமாரெல்லாம் அவனைத் திரும்பிப் பார்த்து தலையாட்டினாங்க. பிறகு பனி உருகி தண்ணி ஓடுற இடம் வந்ததும் கை தட்டினது புள்ளைங்க இல்ல, அம்மாமார்தான்.

அந்த ரெண்டாவது பொடியன் எட்மண்டுக்கு சூனியக்காரி இனிப்பு கொடுக்கிற இடத்துல துருக்கி இனிப்புன்னு சொன்னேன், விளங்கல, மஸ்கட் மாதிரின்னதும் எல்லாருக்கும் விளங்கிருச்சு. ஒரு இனிப்புக்காக கூடப் பொறந்தவங்களைக் காட்டிக் கொடுத்தவன், அவனைத் திட்டுவாங்கன்னுதான் எதிர்பார்த்தேன். சில பேரு திட்டினாங்கதான். ஆனா எங்க அப்பாயி, "பசியில இருந்த புள்ளைக்கு எவ கொடுத்தாலும் திங்கும், அவனை ஏசாதீங்க"ன்னு ஒரே போடு. 1974 பஞ்சத்துல கிழங்கும் கீரையும் தேடி அலைஞ்சது அது. உண்மையிலேயே புத்தகம் வந்த நேரத்துல இங்கிலாந்துல இனிப்பு கூப்பனுக்குத்தான், 1953 வரைக்கும் அப்படித்தான், அதாவது புத்தகம் வந்து மூணு வருஷம் கழிச்சும் கூட. அதை வாசிச்ச முதல் புள்ளைங்களுக்கு அந்த இனிப்பு எவ்வளவு பெருசா தெரிஞ்சிருக்கும்! அப்பாயிக்கு இது எதுவும் தெரியாது. ஆனா சரியாச் சொன்னுச்சு.

கல் மேசையில, எட்மண்டுக்குப் பதிலா சாக வந்த சிங்கத்தைக் கட்டிப் போட்டு பிடரிமுடிய வெட்டுற இடம். சின்னப் புள்ளைங்க அழ ஆரம்பிச்சிருச்சுங்க, நான் கொஞ்சம் பயந்துட்டேன், முன்னுக்கு ஓட்டிரலாமான்னு மவுஸ்ல கைய வச்சிட்டேன். அப்பதான் எங்க டிவிஷன்ல காமன் கூத்துக்குப் பாடுற தாத்தா, அவ்வளவு நேரமா ஒரு வார்த்தை பேசாம பீடி கூட பத்த வைக்காம இருந்தவரு, அங்க இருந்தபடியே குரல் கொடுத்தாரு. "அழாதீங்க புள்ளைங்களா, காமனை எரிச்சதுக்குப் பிறகு என்ன நடக்கும்? ரதி அழுவுறாள்ல, ரெண்டு பேரு அழுவுறாங்க பாரு, எந்திரிச்சிரும்." மாசி மாசம் காமன் ஊன்றி, சிவன் நெத்திக்கண்ணால எரிச்சு, ரதி அழுது புலம்பி, திரும்ப உயிர் வர்றதை வருஷா வருஷம் பார்க்கிற புள்ளைங்க அதுங்க. சூசனும் லூசியும் சிங்கத்தைக் கட்டிப் பிடிச்சு அழுறதை ரதி புலம்பலாவே பார்த்துச்சுங்க. அழுகை நின்னு போச்சு. எலி வந்து கயித்தைக் கடிக்குது, விடியுது, டமால்னு கல் மேசை உடையுது, தாத்தா ஒன்னும் பேசல, தொடையில மட்டும் விரலால மெதுவா தப்பு அடிக்கிற மாதிரி தட்டிக்கிட்டு இருந்தாரு.

லூயிஸ் இதைத் தன்னோட கிறிஸ்தவ நம்பிக்கைய மனசுல வச்சு எழுதினாரு, அது எல்லாருக்கும் தெரியும். தாத்தாவுக்கு அது காமன். ரெண்டுல எது சரின்னு கேட்டா நான் தாத்தா பக்கம்தான் நிப்பேன், ஏன்னா அந்தப் புள்ளைங்களோட பயத்தைத் தீர்த்தது அவருதான்.

கடைசிச் சண்டை எனக்கு ரொம்ப நீளம். புத்தகத்துல சின்னதா முடியிற சண்டைய படத்துல இழுத்துட்டாங்க, பொடியன்மாருக்கு அதுதான் பிடிச்சுச்சு, விசில் வேற. படம் ரெண்டு மணி இருபது நிமிஷத்துக்கு மேல, முடியும்போது பாதிப் பேரு மடியில தூக்கம். மறுநாள் காலையில ரெண்டு மூணு வீட்டுல அலுமாரிக்குள்ள புள்ளைங்க பூந்து உடுப்பை எல்லாம் இழுத்துப் போட்டுருச்சுங்கன்னு என்கிட்ட வந்து சொன்னாங்க. நான் ஓடிப்போய் உள்ள இருந்துக்கிட்டு கதவைச் சாத்தக் கூடாதுன்னு ஒவ்வொன்னா சொல்லிட்டு வந்தேன். லூயிஸும் புத்தகத்துல அதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாரு.

படம் முடிஞ்ச ராத்திரி எல்லாரும் போன பிறகு நான் வயரைச் சுத்திக்கிட்டு இருந்தேன், அப்பாயி எந்திரிக்கவே இல்ல. "வா அப்பாயி, குளிருது"ன்னேன்.

"அந்தப் புள்ளைங்க அவங்க அம்மாகிட்ட போயிருச்சுங்களா?"

"அதைக் காட்டல அப்பாயி. திரும்ப அந்தப் பெரிய வீட்டுக்கு வந்துட்டாங்க, அதோட முடிஞ்சிருச்சு."

"புஸ்தகத்துல?"

"அந்தப் புத்தகத்துலயும் இல்ல."

"ராசா ராணியா சிங்காசனத்துல உட்கார வச்சிருக்கான், அம்மாக்காரிகிட்ட கொண்டு போய் விடலையே"ன்னு அதுக்கு உண்மையாவே கோவம். பிறகு, "அந்த ஸ்டேஷனை மட்டும் போடு"ன்னுச்சு. ப்ரொஜெக்டரை மூட்டை கட்டிட்டேன், அதனால லேப்டாப்லயே போட்டேன். கிட்ட வந்து உட்கார்ந்து, அம்மாக்காரி அட்டைய மாட்டுற இடத்துல நிப்பாட்டச் சொல்லி, கொழுந்துக் கறை போகாத விரலைத் திரையில வச்சிக்கிட்டு, "இதுல என்ன எழுதியிருக்கு?"ன்னு கேட்டுச்சு.

"பேரு இருக்கும் அப்பாயி. எந்த ஊர்ப் புள்ளைன்னு இருக்கும்."

கொஞ்ச நேரம் பேசல. "அக்கா கோத்தகிரின்னு மட்டும்தான் சொல்லிட்டுப் போனுச்சு. எந்தத் தோட்டம்னு நாங்களும் கேட்டுக்கல. ரெண்டு கடுதாசி வந்துச்சு, பிறகு வேற எங்கயோ மாறிட்டாங்க போல."

இன்னொருக்காப் போடச் சொன்னுச்சு. போட்டேன்.