செவ்வாயில் இருந்து பதில் வர இருபது நிமிஷம் ஆகும்

"டீச்சர், கதையில சயின்ஸ் கண்டிப்பா இருக்கணுமா?"

புதிய எழுத்தாளர்களுக்கான அறிவியல் சிறுகதைப் போட்டி என்று அறிவித்த மறுநாள் வந்த முதல் போன் இது. கொஞ்சமாவது இருந்தால் நல்லது என்றேன். "அப்படின்னா கடைசிப் பத்தியில சேர்த்துடுதேன்" என்று வைத்துவிட்டார்.

போட்டியை நடத்தியது எங்கள் ஊர் வாசகர் வட்டம். அதன் செயலாளர் அண்ணாச்சிக்குத் திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை. நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள் என்பதால், வந்த கதைகளை எல்லாம் சலித்துக் கொடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார். "நடுவருங்க பெரிய ஆளுங்க டீச்சர், அவங்களுக்கு நல்லதா நாலஞ்சு அனுப்பினா போதும். மிச்சத்த நீங்க பாத்துக்கிடுங்க." அந்த மிச்சம் இரண்டு கட்டைப்பைகளில் வந்து இறங்கியது.

முதலில் கண்ணில் பட்டது நாய்கள். சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயை உலவவிட்டாலும் விட்டார், நம் மக்கள் அதை இன்னும் கட்டிப்போடவில்லை. ஜானோ, ஜீனா, ஜிம்மோ என்று பை முழுக்கக் குரைத்துக்கொண்டு கிடந்தன. அடுத்தது கால இயந்திரம். அதில் ஏறுகிறவர்கள் எல்லோரும் நேராகத் தஞ்சாவூருக்குத்தான் போகிறார்கள். 1010இல் பெரிய கோயில் குடமுழுக்கு நடக்கும்போது போய் இறங்கி, ராஜராஜனுக்கு செல்போனைக் காட்டுகிறார்கள். டவர் யார் வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. சூரியக் குடும்பத்தில் நின்ற இடத்திலேயே நின்று ஒரே ஒரு மணி நேரம் பின்னால் போனால்கூட, பூமி ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். தஞ்சாவூருக்குப் புறப்பட்டவர் வெட்டவெளியில் மிதப்பார். இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதெல்லாம் பாத்தா ஒருத்தருக்கும் பரிசு குடுக்க முடியாதே டீச்சர்" என்றார். அதுவும் சரிதான். கால இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தோம்.

ஒளியாண்டுக்கு நான் விலக்கு கொடுக்கவில்லை. "முந்நூறு ஒளியாண்டுகளாக உனக்காகக் காத்திருக்கிறேன் கண்ணே" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒளியாண்டு என்பது தூரம் ஐயா, சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு 'உனக்காக மதுரை வரைக்கும் காத்திருந்தேன்' என்றால் எந்தப் பெண் திரும்பிப் பார்ப்பாள்?

சில கதைகள் மனிதர் எழுதியவையே இல்லை. 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்டு என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ், இயந்திரம் எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் கதை வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்திவைத்தது. அந்தப் பெருமை எங்கள் கட்டைப்பைக்கும் கிடைத்தது. ஒரு கதையில் நட்சத்திரங்கள் கிசுகிசுத்தன, மௌனம் கனத்தது, கதாநாயகன் வரிக்கு வரி பெருமூச்சு விட்டான். கடைசி வரியில், "இதன் முடிவை இன்னும் உருக்கமாக மாற்றித் தரட்டுமா?" என்று இருந்தது. அனுப்பியவர் முடிவு வரைக்கும் படிக்கவில்லை போலிருக்கிறது. நான்காவது வரிக்கு மேல் என்னாலும் முடியாமல் பின்பக்கத்தைப் புரட்டியதால்தான் அது கண்ணில் பட்டது.

எனக்கும் அண்ணாச்சிக்கும் உண்மையான தகராறு செவ்வாய் கிரகத்தில்தான் வந்தது. செவ்வாயில் வேலை பார்க்கும் மகன், பாளையங்கோட்டையில் அம்மா, இருவரும் வீடியோ காலில் பேசுகிறார்கள். இந்த ஏற்பாட்டில் மட்டும் ஏகப்பட்ட கதைகள். எல்லாவற்றிலும் அம்மா கேட்ட மறுவினாடி மகன் பதில் சொல்கிறான். அது நடக்காது. ஒளியும் ரேடியோ அலையும் ஒரே வேகம்தான். செவ்வாய் பக்கத்தில் இருக்கும்போது ஒரு வழிக்கு மூன்று நிமிஷம், தூரத்தில் இருக்கும்போது 22 நிமிஷம். கேட்ட கேள்விக்குப் பதில் வர, அதில் இரண்டு பங்கு ஆகும்.

"முக்கா மணி நேரம் கழிச்சுப் பதில் வந்தா சண்டை எப்படி டீச்சர் போட முடியும்? அம்மா புள்ள பாசத்துல போயி வேகத்தக் கணக்குப் பாக்குதீகளே" என்று அண்ணாச்சி கோபித்துக்கொண்டார். பாசம் இருக்கட்டும், வேகமும் இருக்கட்டும் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் பேச்சு இல்லை.

அந்த இடைவெளியில்தான் இரண்டாவது பையின் அடியில் அந்தக் கதை கிடைத்தது. கோடு போட்ட தாளில் நீல மையில் எழுதியது. அதே பாளையங்கோட்டை அம்மா, அதே செவ்வாய் மகன். அம்மா "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். பதில் வரவில்லை. "என்ன சாப்பிட்ட?" பதில் இல்லை. "சரியா சாப்பிடுறதே இல்ல, எனக்குத் தெரியும்." பதில் இல்லை. "இப்பல்லாம் அம்மாட்ட பேசவே புடிக்கல உனக்கு" என்று அழுகிறாள். மூக்கைச் சிந்திவிட்டு, "சரி போ, நல்லா இருந்தா சரி" என்று மன்னித்தும் விடுகிறாள். கேமராவை அணைக்காமலே எழுந்து போய்ப் பால்காரரிடம் கணக்கு பார்க்கிறாள். அதன் பிறகு வந்து சேர்கிறது அவன் முதல் பதில்: "சாப்பிட்டேம்மா."

சூரியன் குறுக்கே வரும் கட்டத்தையும் கதையை எழுதிய பெண் விடவில்லை. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் சூரியன் வந்து நின்றால் இரண்டு வாரம் போல அங்கே இருக்கும் கலங்களுக்கு நாசா கட்டளை அனுப்புவதையே நிறுத்திவைக்கும். சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. கதையில் அந்த இரண்டு வாரமும் அம்மா, மருமகள்தான் பேசவிடாமல் பண்ணுகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிகிறாள்.

என் மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் அறிவியல் கதை படிக்கிறவர் இல்லை. முழுதும் கேட்டுவிட்டு, "அவன் சாப்பிட்டிருக்க மாட்டான், பொய் சொல்லுதான்" என்றார். ஒளியின் வேகத்தைப் பற்றி அத்தை ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. அது கதைக்குள் கரைந்துபோயிருந்தது. இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கதையிலிருந்து அறிவியலை எடுத்துவிட்டால் சண்டையே நடக்காது. கடைசிப் பத்தியில் சேர்த்துக்கொள்கிற சரக்கு இல்லை அது.

அண்ணாச்சிக்கு போனில் வாசித்தேன். பால்காரர் வரும் இடத்தில் சிரித்தார். எங்கள் சண்டையும் தீர்ந்தது.

நடுவர்களும் அதற்கே முதல் பரிசு கொடுத்தார்கள். இரண்டாம் பரிசு உடன்குடிக்காரர் ஒருவருக்கு. 2024இல் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து அந்தப் பக்கத்துக் கதைகளில் எல்லாம் ராக்கெட்தான். இவர் ஏவுதளத்தை விட்டுவிட்டுக் கோயிலைப் பிடித்தார். தசரா நேரத்தில் குலசையில் ஒரு வேற்றுக்கிரகவாசி வந்து இறங்குகிறான். காளி, குரங்கு, போலீஸ், குறவன் என்று ஊரே வேஷம் கட்டிக் காணிக்கை வாங்கிக்கொண்டிருக்கிறது. அவனை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் "வேஷம் அவ்வளவு எடுப்பா இல்லியே ராசா" என்று சொல்லிப் பத்து ரூபாய் போடுகிறாள்.

பரிசளிப்பு நாளில்தான் பரிசுகள் என்னவென்று எனக்கே தெரிந்தது. எல்லாம் அண்ணாச்சி கடைச் சரக்கு. முதல் பரிசு ஐந்து லிட்டர் குக்கர், இரண்டாவது டிபன் கேரியர், மூன்றாவது எவர்சில்வர் வாளி. முதல் பரிசு வாங்கிய பெண் நர்சிங் கல்லூரி மாணவி. குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் காதோரம் வந்தாள்.

"டீச்சர், இது அலுமினியமா? ஹாஸ்டல்ல வார்டனுக்குத் தெரியாம இண்டக்‌ஷன் அடுப்புதான் வச்சிருக்கோம்."

அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் அந்த அடுப்பில் சூடேறாது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "குக்கர்லயுமா டீச்சர் பிசிக்ஸ்?" என்றார். அப்புறம் பெரிய மனசு பண்ணி, "மாத்தித் தாரேன். ஸ்டீல் அடி வச்சதுன்னா நானூத்தம்பது ரூவா கூட வரும்" என்றார். மேடையில் இருந்த எல்லோரும் அவரையே பார்த்தோம். "வட்டத்துக் கணக்குல எழுதிக்கிடுதேன்" என்று முடித்தார்.

அதற்குள் உடன்குடிக்காரர் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றுவிட்டார். அவருக்கு நாலு அடுக்கு வேணுமாம்.