எந்த ஊர் மண்?

"எந்த ஊரு மண்ணு தம்பி இது?"

மண்குதிரை செய்யும் குயவரான வேளார் இப்படிக் கேட்டபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் உறுத்துகிறது. "உங்க வாசல் மண்தான் ஐயா, சும்மா படத்துக்குத்தானே" என்று சொன்னதைக்கூட ஒரு மாதிரி நியாயப்படுத்திவிடலாம். அவர் சிரிக்கவில்லை. உள்ளங்கையில் இருந்த மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே உதறிவிடுவார் என்று நினைத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அதன் முனையில் மண்ணைக் கொட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அதையும் படம் எடுக்கச் சொன்னேன். நல்ல படம்.

இது 2018 பிப்ரவரியில். அய்யனார் கோயிலுக்கு ஊர் கூடி மண்குதிரை எடுத்துப்போய் நிறுத்தும் புரவி எடுப்பைப் பற்றி ஒரு ஆவணத் தொகுப்பு. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்கள். மார்ச் 31க்குள் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். இந்த மாதிரி வேலையில் இருப்பவர்களுக்கு மார்ச் 31 என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நிதியாண்டுக்கு அய்யனாரும் தெரியாது, ஊர்த் திருவிழா எந்த மாதம் என்பதும் தெரியாது. சிங்கம்புணரி, பொன்னமராவதி, திருமயம் என்று மெயின் ரோட்டை விட்டு இறங்கி, கண்மாய்க்கரையும் கருவேலம் மண்டிய வண்டிப்பாதையுமாக ஒரு பழைய ஸ்ப்ளெண்டரில் இரண்டு மாதம் சுற்றினேன். உடைந்த குதிரைகள் ஏராளமாகக் கிடைத்தன. நமணசமுத்திரத்தில் வரிசை வரிசையாக நிற்பவற்றுக்கே ஒரு நாள் போனது. மண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிப்பது, நான்கு கால்களைக் குழல் குழலாக எழுப்பி அதன்மேல் வயிற்றை ஏற்றுவது, கடைசியில் தலை வைப்பது எல்லாம் கையில் இருந்தன. முதல் பக்கத்துக்கு வேண்டிய ஒன்றுதான் இல்லை. பிடிமண்.

ஊர் கூடி முடிவெடுத்து, ஊர்த்தலைவரான அம்பலகாரர் ஒரு பிடி மண்ணை வேளார் கையில் கொடுத்தால்தான் அந்த வருஷக் குதிரை வேலையே தொடங்கும். மண் கைமாறிவிட்டால் அது ஒப்பந்தம். பத்திரம், கையெழுத்து எதுவும் கிடையாது. பிழைக்கப் போகிறவர்கள் குலசாமி கோயிலிலிருந்து எடுத்துப்போய்ப் புது ஊரில் வைத்துக் கும்பிடுகிறார்களே, அதற்கும் பிடிமண் என்றுதான் பெயர். அங்கே மண் இடம் மாறினால் சாமியும் கூடவே போகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். குறிப்பேட்டில் அடிக்கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாமல் போனது இதனால்தான்.

முதலில் நிஜமான அம்பலகாரரைத்தான் தேடினேன். மகன் வீட்டுக்குத் திருப்பூர் போயிருந்தார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். "அது அவுக வகையறா மொறைப்பா, நாங்க குடுக்கக் கூடாது" என்று ஒருவர் எழுந்து போனார். இன்னொருவர் தினத்தந்தியை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஊரே சொல்லாமல் சொன்னது. எனக்கு உறைக்கவில்லை. உறைத்தும் தள்ளிவிட்டேனோ என்னவோ.

கை மட்டும்தானே தெரியப்போகிறது, நானே கொடுக்கிறேன் என்று முடிவுசெய்தேன். வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். கேமராவை வேளாரின் பேரனிடம் கொடுத்தேன். பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன், சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொண்டான். தட்டில் வெற்றிலை பாக்கு. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஒரு ஐநூறு ரூபாய் நோட்டு. அதை அப்புறம் அவரே வைத்துக்கொள்ளட்டும், மூன்று நாள் நமக்காகச் செலவழித்திருக்கிறாரே என்பது என் கணக்கு.

"மண்ணு வாங்குனா செய்யணுமே தம்பி" என்றார்.

"செய்ய வேண்டாம் ஐயா. வாங்குற மாதிரி மட்டும்."

"வாங்குற மாதிரி" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரில் கைகால் கழுவினார். கால் படத்தில் வராது ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன், வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றார். படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று மகிழ்ந்தேன். இப்போது நினைத்தால், அந்த ஐந்து நிமிஷத்தில் அங்கே இரண்டு வேலைகள் நடந்திருக்கின்றன. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மண் வாங்கிக்கொண்டிருந்தார்.

படம் முதல் பக்கத்தில் முழு அளவில் வந்தது. உற்றுப் பார்த்தால் கொடுக்கிற கையின் மணிக்கட்டில் வாட்ச் கட்டிய இடம் வெளுத்துத் தெரியும். யாரும் உற்றுப் பார்க்கவில்லை. படக்குறிப்பும் நானே எழுதியதுதான்: "பிடிமண் கொடுத்தல், சிவகங்கை மாவட்டம்." இதில் ஒரு சொல்லாவது பொய்யா என்று என்னையே கேட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

ஜூனில் போன் வந்தது. பேரன் நம்பர், பேசியது வேளார். "குதிரை வெந்துருச்சு தம்பி. எப்ப எடுக்க வாரீக?"

போனேன். இரண்டடி உயரத்தில் ஒரு குதிரை. முன்னங்கால் ஒன்றில் சூளைப் புகை பிடித்துக் கறுத்திருந்தது. தட்டினால் கணீரென்றது. கழுத்தில் மணிச்சரம், நெற்றிப்பட்டம், சேணம் எதையும் குறைக்கவில்லை. அந்த வருஷம் கண்மாயில் மண் அள்ள ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர் அவர். தாசில்தாரே அனுமதி தரலாம் என்று வந்தது 2024ல்தான். அப்படிக் கிடைத்த மண்ணில் எனக்கொரு பங்கு ஒதுக்கியிருக்கிறார். நான் கொடுத்த மண்ணை எங்கே சேர்த்தீர்கள் என்று கேட்டேன். குதிரையின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"சின்னதா இருக்கேன்னு பாக்காதீக. ஐநூறு ரூபாய்க்கு அவ்வளவுதான் வரும்."

இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. மனிதர் கெட்டிக்காரர். கொட்டகையில் அதே அச்சில் வார்த்ததுபோல் ஆறு குதிரைகள் நின்றன. காரைக்குடிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு, வரவேற்பறையில் ஜோடி ஜோடியாக வைப்பதற்கு. ஐநூறு ரூபாயை அச்சாரமாக எடுத்துக்கொண்டு என் தலையிலும் ஒன்றைக் கட்டப் பார்க்கிறாரோ? கேட்டே விட்டேன். அந்தக் குதிரைகளுக்கு யார் பிடிமண் கொடுத்தது?

"அது யாபாரம். அதுக்கு யாரும் மண்ணு குடுக்கலையே. இதுக்குத்தான் நீங்க குடுத்தீகளே."

சரி, வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "வீட்டுக்கா? மண்ணு வாங்கிச் செஞ்சத எப்பிடி வீட்டுல வைப்பீக? அது கோயிலுக்குப் போகணும்." எந்தக் கோயிலுக்கு என்றேன். "அதத்தான அன்னைக்கே கேட்டேன், எந்த ஊரு மண்ணுன்னு."

வாசல் மண் அவருடையது. கொடுத்த கை என்னுடையது. எந்த ஊரும் கேட்காத குதிரை அது. இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். வேண்டாமென்று சொல்லவில்லை, எண்ணிப் பார்த்து மடியில் செருகிக்கொண்டார். குதிரை மட்டும் நகரவில்லை.

என் தரப்பையும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் "கேமராவுக்காக இன்னொரு தடவை" என்பதுதான். குலவை போட்ட பெண்களை மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே போட்டார்கள். ராத்திரிக் கூத்துக்காரரை மத்தியான வெயிலில் அரிதாரம் பூசச் சொல்லியிருக்கிறேன், வெளிச்சத்துக்காக. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் அய்யனார் குதிரைகள் நிற்கின்றன. சென்னைக்குப் பக்கத்தில் தட்சிணசித்ராவில் நிற்கின்றன. அந்த மண்ணை எந்த அம்பலகாரர் கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. மைல்கணக்கில் தள்ளி அவை நிற்கலாம், நான் ஒரு பிடி மண்ணை ஐந்து நிமிஷம் கைமாற்றியது குற்றமா?

இந்த வாதத்தை வேளாரே முன்கூட்டி உடைத்துவிட்டார் என்பதுதான் சங்கடம். அது யாபாரம், இது வேற. அருங்காட்சியகம் குதிரையைத்தான் கேட்கிறது. நான் குதிரையைக் கேட்கவில்லை, குதிரையைக் கேட்கும் அந்தச் செயலைக் கேட்டேன். குலவையை இன்னொரு தடவை போட்டால் இன்னொரு குலவை, அவ்வளவுதான். மண்ணை இன்னொரு தடவை கொடுத்தால் இன்னொரு குதிரை. தாலியைச் சும்மா படத்துக்காகக் கட்டச் சொல்வோமா என்று பிறகு ஒரு நண்பர் கேட்டார். சினிமாவில் தினமும் கட்டுகிறார்களே என்றேன். அவர்கள் இருவருக்கும் அது சினிமா என்று தெரியும் என்றார். வேளாருக்கும் தெரியுமே, நான் சொன்னேனே என்றேன். சொன்னேன்தான். அவர் ஒப்புக்கொண்டாரா என்று கேட்டால் பதில் இல்லை. "வாங்குற மாதிரி" என்று திருப்பிச் சொன்னார், அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு வழி இருந்தது. எங்கள் குலசாமியும் அய்யனார்தான், அருப்புக்கோட்டைப் பக்கம். அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்று சித்தப்பாவிடம் பேசினேன். "நம்ம கோயில்ல புரவி எடுத்து எத்தனை வருஷமாச்சு தெரியுமாடா? முதல் மரியாதை யாருக்குன்னு கேஸ் நடக்கு. இப்ப நீ ஒத்தக் குதிரையத் தூக்கிட்டு வந்து நின்னா, எந்தத் தரப்புக் குதிரைன்னுதான் கேப்பாங்க." அதோடு முடிந்தது. ஊர் கூடாமல் குதிரை போக முடியாது. ஒரு ஆளாகப் போய் மண் கொடுத்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று சித்தப்பா பேசிய பிறகுதான் புரிந்தது. அவருக்கு நான் எதையும் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை.

இனி யாரையும் எதையும் நடித்துக்காட்டச் சொல்வதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அடுத்த ஆடியில் நத்தம் பக்கம் ஒரு பாட்டியிடம், "ஆத்தா, இன்னொரு தடவை பாடுங்க, பின்னால டிராக்டர் சத்தம் வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாயில் வந்துவிட்டது. பாடினார், முதல் தடவையைவிட நன்றாகவே. அதற்காக வருத்தப்பட வேண்டுமா என்று தெரியவில்லை, வருத்தப்படவும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2020ல் கொரோனா வந்து திருவிழாக்கள் நின்றன, அடுத்த வருஷமும் அப்படித்தான். அந்த ஊரில் அதற்குப் பிறகு புரவி எடுப்பு நடக்கவில்லை. வேளார் கையில் மண் விழும் படம் என்று இருப்பது என்னுடையது ஒன்றுதான். பேரன் அதை வாட்ஸ்அப் டிபியாக வைத்திருக்கிறான். அந்தப் படம் வேண்டாம், எடுத்தது தப்பு என்று அவனிடம் போய்ச் சொல்ல முடியுமா? எடுத்திருக்காவிட்டால் அதுவும் இருந்திருக்காது. இப்படி நினைக்கும்போது கொஞ்சம் தெம்பாக இருக்கும். கூடவே, அது வேளார் மண் வாங்கும் படமா, வாங்குற மாதிரி இருக்கும் படமா என்ற பழைய கேள்வி வந்து நிற்கும். வாங்கினார் என்றால் நான் குதிரைக்குப் பொறுப்பு. வாங்கவில்லை என்றால் என் படம் பொய். இரண்டில் எனக்கு எது சௌகரியம் என்பது நாளுக்கு நாள் மாறுகிறது.

அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் கொஞ்ச நாள் சுற்றுவழியில் போனேன். போன வருஷம் நேராகவே போனேன். வேளாருக்கு வயதாகிவிட்டது, பார்வை மங்கியிருந்தது, குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். குதிரை கொட்டகையின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் நின்றது. வர்ணம் பூசவில்லை, கண் திறக்கவில்லை. மழை பட்டுச் சேணத்தின் ஓரம் அரித்திருந்தது. கண்ணாவது திறக்கக் கூடாதா ஐயா என்றேன்.

"எந்த ஊருக்குன்னு தெரியாம எப்பிடித் தம்பி தெறக்கிறது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

டீ வந்தது. மண் விலை, விறகு விலை, பேரனுக்கு ஓசூரில் கிடைத்த வேலை என்று பேசிக்கொண்டிருந்தோம். பேரன் லீவில் வந்திருந்தான். பைக்கை நிறுத்திவிட்டு வந்தவன் பழக்கதோஷத்தில் ஹெல்மெட்டைக் குதிரையின் தலையில் மாட்டினான். வேளார் சத்தத்தை வைத்தே திரும்பினார்.

"டேய், அது மேல மாட்டாத. அவுக குதிரை."